எடுக்கப் போன கை

சுப்பையனிடம் யாரும் ‘வாரேன்’ சொல்லிவிட்டுப் போவதில்லை. எழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். வருகிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால், அதே மாதிரி இன்னொரு காரியத்துக்கு மறுபடியும் வர வேண்டியிருக்கும் என்று பயம். ஜேடர்பாளையத்துக்காரர்கள் இந்த வழக்கத்தைக் கொஞ்சம் இழுத்து நீட்டி, சுப்பையன் இருக்கிற இடத்தையெல்லாம் எழவு வீட்டுக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு விலையிலிருந்து மருமகள் சண்டை வரைக்கும் பேசித் தீர்த்தவர்கூட, பஸ் வந்ததும் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து “சரிங்க” என்று மட்டும் சொல்லி ஏறிக்கொள்வார். சுப்பையன் மேல் யாருக்கும் கோபமில்லை. நல்ல மனுசன் என்றுதான் சொல்வார்கள். நல்ல மனுசனைத் திரும்பப் பார்க்க வேண்டிய நிலைமை மட்டும் வரக் கூடாது, அவ்வளவுதான்.

சுப்பையன் பரிசல்காரர். படுகை அணைக்கு மேலே தேங்கிக் கிடக்கும் காவிரியில் வலை போடுவார். அவர் பிடித்து வருகிற மீனை, அணையை ஒட்டிய பார்க் வாசலில் அவர் மனைவி சௌந்திரம் மசாலா தடவிப் பொரித்து விற்பாள். அது அவர்கள் பிழைப்பு. ஆற்றில் யாராவது முழுகிப் போனால் போய் எடுத்து வருவது சுப்பையனுடைய இன்னொரு வேலை. அதைப் பிழைப்பு என்று அவர் சொல்லிக்கொண்டதில்லை. பிணம் எடுத்த அன்றைக்கு அவர் கடைப்பக்கம் தலைகாட்டக் கூடாது என்று சௌந்திரம் சொல்லியிருந்தாள். ஆற்றிலிருந்து ஆளைத் தூக்கி வந்தவன் பக்கத்தில் நின்றால் ஆற்று மீன் யாருக்குத் தொண்டையில் இறங்கும்? மறுநாள் இறங்கிவிடும். நாக்குக்கு அவ்வளவு ஞாபகசக்தி கிடையாது.

முதலில் அவர் பிணம் எடுக்கிறவராக இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாலிபத்தில் அவர் ஆட்களைத்தான் எடுத்தார், உயிரோடு. ஆடிப் பதினெட்டுக்கு முளைப்பாரி விட வந்து கால் வழுக்கிய பரமத்திப் பெண் ஒருத்தி, மாடு கழுவப் போய் மாட்டோடு போன ஒரு கிழவர், இன்னும் சிலர். அப்போதெல்லாம் “ஐயோ” என்று ஒரு சத்தம் கேட்டால் போதும், வாயில் பீடி இருக்கிறதா, இடுப்பில் பணம் இருக்கிறதா என்று பாராமல் குதித்துவிடுவார். பிறகு காலம் மாறிப் போயிற்று. தண்ணீரில் ஒருத்தன் தத்தளித்தால் கரையில் இருக்கிறவர்களுக்கு இப்போது முதலில் உயருவது செல்போன் பிடித்த கை. படம் எடுத்து முடித்து, அழுது, ஆளாளுக்கு ஒரு நம்பரைத் தேடி, கடைசியில் சுப்பையனுக்குச் சேதி வந்து சேரும்போது ஆறு தன் வேலையை முடித்து வெகுநேரமாகியிருக்கும். வருசக்கணக்காக இப்படியேதான். அவர் கைக்கு உயிரோடு ஒருத்தரும் வரவில்லை.

இன்னொரு விசயமும் உண்டு. உயிரோடு காப்பாற்றப்பட்டவர்கள் ஒருத்தர்கூட அவரைத் திரும்ப வந்து பார்த்ததில்லை. சாகக் கிடந்த இடத்தைத் திரும்ப வந்து பார்க்க யாருக்குத்தான் மனசு வரும்? செத்தவர்களின் வீட்டார் வருவார்கள். திதியன்று ஆற்றங்கரைக்கு வந்து சடங்கு முடித்துவிட்டு, அவரைத் தேடிப் பிடித்து, ஒரு துண்டும் தேங்காயும் கையில் கொடுத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போவார்கள். சுப்பையன் வீட்டில் துண்டுக்குப் பஞ்சமே கிடையாது.

இந்த வேலைக்கு இங்கிலீசில் இரண்டு பெயர்கள் உண்டு என்பதை அவருக்குச் சொன்னவர் மதியழகன். தீயணைப்பு நிலையத்துக்காரர், ஆற்றில் ஆள் போனால் வண்டியோடு வருகிறவர். தண்ணீரின் போக்கு சுப்பையனுக்குத்தான் தெரியும் என்பதால், வண்டி கிளம்பும்போதே அவருக்குப் போன் போட்டுவிடுவார். ஒருமுறை வேலை முடிந்து கரையில் உட்கார்ந்திருந்தபோது மதியழகனின் வயர்லெஸ்ஸில் ஒரு குரல் கேள்வி கேட்டது. அவர் பதில் சொன்னார். சுப்பையன் அது என்னவென்று விசாரித்தார்.

“காப்பாத்தப் போறதுக்குப் பேரு ரெஸ்க்யூங்ணா. ஆளு உசுரோட இருக்கோணும். ரெக்கவரின்னா போனத எடுத்துட்டு வாரது. கண்ட்ரோல் ரூமுல மொதக் கேள்வியே அதுதானுங்க, ரெஸ்க்யூவா ரெக்கவரியான்னு.”

“பேப்பருல ரெண்டுக்கும் மீட்புன்னுதான தம்பி போடறாங்க?”

“பேப்பரு படிக்கறவங்களுக்கு என்னங்ணா, ரெண்டும் ஒண்ணுதான். நமக்கு அப்புடி இல்லீங்களே. ரெஸ்க்யூன்னா எந்தத் தண்ணியா இருந்தாலும் ஆளுகள எறக்கி உட்டுத்தான் ஆகோணும். ரெக்கவரின்னா ஓட்டம் கொறையற வரைக்கும் நிக்கலாம். செத்தவங்களுக்காக இன்னொரு உசுரு போயறக் கூடாது பாருங்க.”

சுப்பையனுக்கு இது பிடித்திருந்தது. ரொம்ப நாளாகத் தன் உடம்புக்குத் தெரிந்திருந்த ஒன்றை யாரோ வாய்விட்டுச் சொன்ன மாதிரி இருந்தது. காப்பாற்றப் போவதற்கு ஒரு உடம்பு வேண்டும், எடுக்கப் போவதற்கு வேறு உடம்பு. முன்னதில் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கால் தானாக ஓடும். பின்னதில் ஒன்றும் அடித்துக்கொள்ளாது. அதற்குப் பிறகு மதியழகன் போனில் முதல் வார்த்தையாகவே ஒன்றைச் சொல்லிவிடுவார். எல்லா முறையும் ரெக்கவரிதான். அந்தச் சொல் காதில் விழுந்ததும் சுப்பையன் இருந்த வேலையை முடிப்பார். டீ குடித்துக்கொண்டிருந்தால் குடித்து முடிப்பார். சட்டையைக் கழற்றி, கடையில் புதுச்சட்டை மடிக்கிற மாதிரி மடித்து வைத்து, அதன் மேல் துண்டை வைப்பார். செருப்பைச் சோடி சேர்த்து, குதிகால் ஆற்றுப் பக்கம் இருக்கிற மாதிரி விடுவார். கயிறும், கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக்கரண்டியும் பரிசலில் ஏறும். கரையில் அழுகிறவர்களிடம் என்ன நிறத் துணி, எந்தப் பக்கம் முழுகினார்கள் என்று கேட்பார். சீக்கிரம் போகச் சொல்லி யாராவது கத்தினால், “போறஞ்சாமி, அவங்க எங்கயும் போயிரமாட்டாங்க” என்பார். ஆறுதலாகத்தான் சொல்வார். அதைக் கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவர் யோசித்ததில்லை.

எதையுமே யோசிக்காமல் இருக்க அவர் பழகிப் போயிருந்தார். எடுத்துவிட்டு வந்தால் வீட்டுக்குப் பின்புறம் சௌந்திரம் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர் வாளியை வைத்திருப்பாள். தலையோடு ஊற்றிக்கொண்டு, சோறு தின்று, படுத்தால் தூங்கிவிடுவார். நல்ல தூக்கம். கனவு ஒன்றும் வராது. அவர் கூடப் பிறந்த அண்ணன் செத்தபோது ஊரே அழுதது. சுப்பையன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து, “கை வீங்கறதுக்குள்ளார மோதரத்தக் கழட்டிப்போடுங்க, அப்புறமேட்டு வராது” என்றார். சொன்னது சரிதான். ஆனால் அண்ணி மாரக்காள் அன்றிலிருந்து அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவருக்கு அதுவும் உறைக்கவில்லை. அழ வேண்டும் என்று முயற்சிகூடச் செய்து பார்த்தார். சாவு வீட்டில் உட்கார்ந்து அண்ணன் தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருச்செங்கோட்டுத் தேருக்குப் போனதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்தார். எல்லாம் நினைவுக்கு வந்தன, ஒன்றும் வலிக்கவில்லை.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பார்க் நிறையக் கூட்டம், கடைகளில் பாட்டு, அணையில் தண்ணீர் விழுகிற இரைச்சல். சுப்பையன் ஆற்றைப் பார்த்த மாதிரி இருக்கும் சின்னுசாமியின் டீக்கடையில் அப்போதுதான் கிளாசை வாங்கியிருந்தார். போன் அடித்தது.

“அண்ணா, ரெக்கவரிங்க,” என்றார் மதியழகன். “பாறைத் திட்டுல போட்டோ எடுக்கப் போன காலேஜ் புள்ள ஒண்ணு வழுக்கி உளுந்துருச்சாமா. கூட வந்த புள்ளைக கரையெல்லாம் தேடிப்போட்டு இப்பத்தான் சொல்லுதுக. ரொம்ப நேரம் ஆயிருச்சு. நீங்க நிதானமா எறங்குங்ணா, நாங்க வந்துட்டே இருக்கறம்.”

சுப்பையன் டீயை ஊதிக் குடித்தார். குடித்துக்கொண்டே, இதே கரை வளைந்து போகிற இடத்தில் ஆற்றுக்குள் சாய்ந்து நிற்கும் மருத மரத்தைப் பார்த்தார். பாறைத் திட்டில் விழுந்தால் தண்ணீர் சுற்றிக்கொண்டு போய் அந்த மரத்தடியில்தான் சேர்க்கும். பாதி வேர் மண்ணிலும் பாதி வேர் தண்ணீரிலும் கிடக்கிற மரம். சுற்றிலும் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கும். அதற்குள் எத்தனை பேரைக் கை விட்டு எடுத்திருக்கிறார் என்பது அவருக்கே தெரியாது. தேட வேண்டிய வேலை இல்லை. போனால் இருக்கும்.

ஒரு பெண் அழுதுகொண்டே ஓடி வந்தாள். கூட வந்த மாணவிகளில் ஒருத்தி. “ஏனுங்க, நீங்கதான் எடுக்கறவருங்களா?”

“ஆமாஞ்சாமி. என்ன கலரு துணி?”

“மஞ்சச் சுடிதாருங்க.”

“கழுத்துல துப்பட்டா கெடந்துதா?”

அவள் அவரையே வெறித்துப் பார்த்தாள். துப்பட்டா கிடந்தால் வேரில் சிக்கியிருக்கும், அறுத்து எடுக்கக் கத்தி வேண்டும். அதற்காகத்தான் கேட்டார். “சீக்கிரம் போங்க” என்று அவள் கத்தினாள். அவர் சட்டையை மடித்துக்கொண்டே, “போறஞ்சாமி, அந்தப் புள்ள எங்கயும் போயிராது” என்றார். செருப்பைச் சோடி சேர்த்து வைத்தார். கிளாசைக் கழுவுகிற தொட்டிப் பக்கம் வைத்துவிட்டுத்தான் இறங்கினார்.

பரிசலை மரத்தடிக்குச் சுற்றிக் கொண்டுபோய் நிறுத்தி, இடது கையால் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு, வலது கையை ஆகாயத்தாமரைக்கு அடியில் விட்டார். வழக்கம்போலக் கண் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கண்ணுக்கு அங்கே வேலை கிடையாது, எல்லாம் கைதான். துணி தட்டுப்பட்டது. துணியைத் தடவிக்கொண்டே போனதில் தோள் கிடைத்தது.

அப்போது ஒரு கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

பிணம் பிடிக்காது. அத்தனை வருசத்தில் அவர் பிடித்திருக்கிறாரே தவிர, எதுவும் அவரைப் பிடித்ததில்லை. சுப்பையனின் உடம்பு மொத்தமும் தூக்கிப் போட்டது. பாம்பை உதறுகிற மாதிரி அவர் கையை உதறினார். நகம் கிழித்துக்கொண்டு அந்தப் பிடி விலகியது. அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். இலைகளுக்கு நடுவே மூக்கும் இரண்டு கண்களும். கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அவரைப் பிடிப்பதற்காக அந்தப் பெண் வேரை விட்டிருக்கிறாள். இப்போது வேரும் இல்லை, அவரும் இல்லை. இலைகள் மூடிக்கொண்டன.

பரிசலில் கயிறு இருந்தது, பாதாளக்கரண்டி இருந்தது. காற்றடித்த டியூப் ஒன்று வீட்டில் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. சுப்பையன் குதித்தார். பரிசல் தன் பாட்டுக்குப் போயிற்று. வேருக்கு அடியில் இல்லை. அதற்குக் கீழே, நாணல் பக்கமாக மஞ்சள் நிறம் ஒன்று உருண்டு போவதைப் பார்த்து, மூச்சு முட்ட நீந்தி, தலைமுடியைப் பிடித்தார். கழுத்தளவுத் தண்ணீரில் கால் ஊன்றி, தோளில் போட்டுக்கொண்டு கரையேறினார். மதியழகனின் ஆட்கள் ஓடி வந்து வாங்கி, கிடத்தி, நெஞ்சை அமுக்கினார்கள். கூட்டம் செல்போனைத் தூக்கிப் பிடித்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அவள் இருமினாள்.

மதியழகன் வயர்லெஸ்ஸை எடுத்து, “கரெக்சன், இது ரெஸ்க்யூ, ரெஸ்க்யூ” என்று இரண்டு தடவை சொன்னார். கரையில் கைத்தட்டினார்கள். சுப்பையன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். சந்தோசம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. மணிக்கட்டில் நகக் கீறல் எரிந்தது, அது மட்டும் தெரிந்தது.

சௌந்திரம் பழக்கத்தில் வாளியை வைத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே எடுக்கப் போனாள். “உசுரோட கொண்டாந்ததுக்கு என்னத்துக்குங்க தீட்டு? ஊரே உங்களத்தான் பேசுது.”

“இருக்கட்டும். அத அங்கயே வையி,” என்றார் சுப்பையன். மஞ்சள் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டார். அவர் போனது பிணத்துக்குத்தானே.

மறுநாள் பேப்பரில் ‘கல்லூரி மாணவி உயிருடன் மீட்பு’ என்று வந்தது. சின்னுசாமி அதைக் கிழித்துக் கடையில் ஒட்டினார். யாரோ மாலை போட்டார்கள், யாரோ சால்வை போர்த்தினார்கள். சுப்பையனுக்கு அன்றைக்கெல்லாம் ஒரே நினைப்பு, அந்த டீயைப் பற்றி. சூடாக இருந்ததால் ஊதி ஊதிக் குடித்தார். ஒரு மிடறுகூட மிச்சம் வைக்கவில்லை. அந்த நேரத்தில் அவள் வேரைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். சட்டையை மடித்தபோதும் இருந்திருக்கிறாள். அப்புறம் அவர் போய், தேடிப் பிடித்து, உதறி விட்டிருக்கிறார். ஏதோ தலையெழுத்து, முடி கைக்குக் கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால் ரெக்கவரி என்று மதியழகன் சொன்ன முதல் வார்த்தையே நின்றிருக்கும். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அவரும் சோறு தின்று தூங்கியிருப்பார்.

அடுத்த வாரம் மதியழகனின் போன் வந்தபோது அவர் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. அணைத்து, சௌந்திரத்திடம் கொடுத்துவிட்டார். “என்ற கை இனி ஆகாது. தம்பி கேட்டா சொல்லிப்போடு,” என்றார். மதியழகன் நேரில் வந்து கெஞ்சிப் பார்த்தார். சுப்பையன் தலையை ஆட்டினார், எழுந்திருக்கவில்லை. அக்கரையிலிருந்து வேறு ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு இந்தத் தண்ணீர் தெரியாது. போனது சோழசிரமணிப் பக்கத்துப் பையன். இரண்டு நாள் ஆயிற்று எடுக்க. இரண்டு நாளும் அவன் அம்மா கரையில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரில் மீன் பொரித்துக்கொண்டிருந்த சௌந்திரம் இரண்டாம் நாள் சீக்கிரமே அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

“அந்தம்மாளுக்கு எம்பட வயசுதான் இருக்கும். நீங்க போயிருந்தா அன்னைக்கே எடுத்துக் குடுத்துருப்பீங்க,” என்றாள். அந்த மருத மரத்தடியில்தான் இருந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். சொல்லியாவது அனுப்பியிருக்கலாம். வாய் வரவில்லை.

தை பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கவிழ்த்துப் போட்ட பரிசலுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். ஒரு பெண் வந்து பக்கத்தில் நின்றாள். அடையாளம் தெரியவில்லை. அவர் பார்த்தது மூக்கும் கண்ணும்தானே.

“நான் தனப்பிரியாங்க. மல்லசமுத்திரம். அன்னைக்கு நீங்க காப்பாத்துன புள்ள.” தூரத்தில் சௌந்திரத்தின் கடையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவரைக் காட்டினாள். “அப்பா கூட வந்தேன். ஆத்துப் பக்கமே போவக் கூடாதுன்னாங்க ஊட்டுல. நாந்தான் சண்ட போட்டுட்டு வந்தேன்.”

உயிரோடு எடுத்தவர்களில் திரும்பி வந்த முதல் ஆள். சுப்பையனுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தார்க் கரண்டியைக் கீழே வைத்தார். “உக்காரு அம்மிணி,” என்று ஒரு கல்லைக் காட்டினார். உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தாள்.

“உங்களுக்கு ஒண்ணு சொல்லோணும்னுதாங்க வந்தேன். அன்னைக்கு நான் எல்லாம் பாத்துட்டேதான் இருந்தேன். அந்த வேரப் புடிச்சிருந்தேன். கத்துனா வாயில தண்ணி போவுது. என்ற ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வேற பக்கம் பாத்து ஓடறாங்க. அப்பத்தான் உங்களப் பாத்தேன். டீக்கடையில உக்காந்துட்டு, நேரா நான் இருக்கற பக்கமே பாத்துட்டு இருந்தீங்க.”

சுப்பையன் கையில் ஒட்டியிருந்த தாரை மணலில் தேய்த்தார்.

“அத்தன பேரும் கத்திக்கிட்டு ஓடறாங்க, நீங்க ஓடல. டீயக் குடிச்சீங்க. சட்டைய மடிச்சீங்க. செருப்பச் சோடி சேத்தி வெச்சீங்க. அதப் பாத்ததுமே எனக்குப் பயம் போயிருச்சுங்க. இவரு என்னப் பாத்துட்டாரு, நான் பத்தரமா இருக்கறது தெரிஞ்சுதான் இத்தன நிதானமா வாராருன்னு நெனச்சுக்கிட்டேன். கை மரத்துப் போச்சு. ரெண்டு வாட்டி உட்ரலாம்னு இருந்துச்சு. நீங்க வந்துட்டு இருக்கீங்களேன்னுதான் உடல.”

அவளுடைய அப்பா கடையில் ஏதோ கேட்டுச் சிரிப்பது காதில் விழுந்தது. சுப்பையன் மணிக்கட்டைத் தடவினார். கீறல் ஆறி, வெளுப்பாக நாலு கோடு நின்றிருந்தது. ஆமாம் சாமி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பிள்ளை நிம்மதியாகப் போய்விடும். அவர் வாயைத் திறந்ததும் அதற்காகத்தான்.

“நான் உன்னப் பாக்கல சாமி,” என்றார்.

அவள் திரும்பினாள்.

“அந்த மரத்தத்தான் பாத்தேன். போனவங்க அங்கதான் வந்து சேருவாங்க. ரெஸ்க்யூன்னு ஒண்ணு இருக்குது, ரெக்கவரின்னு ஒண்ணு இருக்குது. காப்பாத்தறது ஒண்ணு, எடுக்கறது ஒண்ணு. நான் எடுக்கத்தான் வந்தேன். நீ உசுரோட இருப்பீன்னு நெனக்கல. நெனச்சிருந்தா ஓடியாந்திருப்பேன்.” நிறுத்தினார். மீதியையும் சொன்னார். “நீ புடிச்சப்ப உன்ன உட்டது தண்ணியில்ல. நாந்தான் உதறுனேன். பயந்துட்டேன்.”

சொன்னதும் அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. எத்தனையோ வருசத்துக்குப் பிறகு அடித்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்த வேரைப் பிடித்துக்கொண்டு கிடந்தவளின் பயம் இப்போதுதான் வந்து அவரைப் பிடித்தது. டீக்கடைக்கும் மரத்துக்கும் நடுவில் இருந்த தண்ணீர் எவ்வளவு அகலம் என்று இப்போதுதான் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

அவள் மரத்தைப் பார்த்தாள், பிறகு டீக்கடையைப் பார்த்தாள். முகத்தில் நிறம் போயிருந்தது. அன்றைக்கு வராத பயம் அவளுக்கும் இன்றைக்குத்தான் வந்திருக்க வேண்டும். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று சுப்பையன் நினைத்தார். அப்பா கையசைத்துக் கூப்பிட்டார். அவள் எழுந்து துணியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

சுப்பையன் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார். போகிறவர்களுக்குச் சங்கடம் இருக்கக் கூடாது என்று எப்போதும் அப்படித்தான் செய்வார். சொல்லிக்கொள்ளாமல் போக அது அவர்களுக்கு வசதி. காலடிச் சத்தம் கொஞ்ச தூரம் போனது. பிறகு நின்றது.

“வாரனுங்க,” என்றாள் அவள்.

அதற்கு என்ன பதில் சொல்வது என்று குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். சுப்பையனுக்கு அது தொண்டையிலிருந்து மேலே வருவதற்கு நேரமாயிற்று. அவர் திரும்பியபோது அவள் மீன் கடைகளையெல்லாம் தாண்டி, அப்பாவின் வண்டியில் ஏறிவிட்டாள். வண்டி திரும்பி ரோட்டுக்கு ஏறியது.

“போயிட்டு வா சாமி,” என்றார், யாரும் இல்லாத கல்லைப் பார்த்து.

எண்ணெய்ச் சட்டியைக் கழுவ ஆற்றுக்கு வந்த சௌந்திரம் நின்று அவரைப் பார்த்தாள். அவர் கன்னம் நனைந்திருந்ததைப் பார்த்தாளோ என்னவோ, அதைப் பற்றிக் கேட்கவில்லை.

“ஆருகூடப் பேசறீங்க?”

சுப்பையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “என்ற செல்போன எங்க வெச்சிருக்கற?” என்று கேட்டார்.